பதினோராவது பெயரின் தலையெழுத்து

ஊரில் அவளை மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தேவாலயத்தின் மணியை இருபத்தெட்டு வருஷமாக அவள்தான் அடிக்கிறாள், அந்த மணி அப்படியே அவள்மேல் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் மோவாயைச் சொறிவார்கள். "அது வந்து… ஞாவுல ஆரம்பிக்கும்" என்பார்கள். அவளுடைய நிஜப் பெயரில் உலகத்துக்குத் தெரிந்தது முதலெழுத்து ஒன்றுதான். அந்த ஓரெழுத்துக்காக ஒரு ஊரே அவளோடு ஒன்பது வருஷம் மல்லுக்கு நின்றது என்றால் நம்புவீர்களா? நின்றது.

வயிற்றில் பிள்ளையோடு, கையில் ஒரு துணிப்பையோடு அவள் கோயில் வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு இருபது வயது. அப்போதிருந்த போதகரின் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கூண்டுக்குப் பின்னால் ஏணியும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். கூட்டுவது, பெஞ்சு துடைப்பது, பித்தளை விளக்குத் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்ப்பது எல்லாம் அவள் வேலையானது. மணி அடிக்கிறவருக்குத் தோள்பட்டை இறங்கிப் போனதும் கயிறும் அவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் ஒரு நிமிஷம் தவறியதில்லை. மருந்துக்கடைச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனால்கூட அவள் மணியைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்புவார்கள்.

அவள் கோபக்காரி. வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இருபது வயதில் வாசலில் வந்து நின்ற பெண் வேறு எப்படி இருக்க முடியும்? வாயில்லாப் பூச்சியாக இருந்திருந்தால் இந்த ஊர் அவளையும் பிள்ளையையும் சேர்த்து விழுங்கி ஏப்பம் விட்டிருக்கும்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்குத்தான் அந்த எழுத்து பிறந்தது. தலைமையாசிரியை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இனிஷியல்?" என்று கேட்டார்.

"ஞா" என்றாள்.

"அது உங்க பேரும்மா. அப்பா பேரோட எழுத்தைக் கேட்டேன்."

"பெத்தது நான். வளர்க்குறது நான். கையெழுத்துப் போடப் போறதும் நான். எந்த எழுத்தைப் போடுவீங்க?"

தலைமையாசிரியை அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பதிவேட்டில் ஏறிவிட்டது. அப்பன் யார் என்று உங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். சொல்லப்போவதில்லை. அவளே சொல்லாததை நான் சொல்ல யார்?

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பூனைக்குட்டி கத்துகிற மாதிரி "ஞா… ஞா…" என்று அவன் பின்னாலேயே போவார்கள். முதல் வருஷம் அழுதான். இரண்டாம் வருஷம் இரண்டு பேர் மூக்கை உடைத்தான். மூன்றாம் வருஷத்திலிருந்து அந்த எழுத்தை அவனே எல்லா இடத்திலும் எழுத ஆரம்பித்தான். சாப்பாட்டுத் தட்டின் அடியில் ஆணியால் கீறினான். பெஞ்சில் கீறினான். பந்தில் எழுதினான். ஞாவின் வால் வளைவை யாரும் எழுதாத அழகில் எழுதுவான்.

பதிவேட்டில் அவனுக்கு அடுத்த பெயர் மருந்துக்கடைக்காரரின் பையன். அகர வரிசை இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது. பிறகு பிரிக்கவே முடியவில்லை. இவன் சட்டையை அவன் போட்டுக்கொண்டு போவான், அவன் செருப்பு இங்கே கிடக்கும். மருந்துக்கடைக்காரருக்கு அது பிடிக்காது. சபைச் செயலாளர் அவர், ஊரில் அவரைப் பார்த்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். மகன் மணிக்கூண்டு அறையில் கிடக்கிறான் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரத்தான் செய்யும். போர் வந்தது. பையன்கள் இருவரும் ஒரே நாளில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் செத்தார்கள்.

போர் முடிவதற்குள் அந்தச் சின்ன ஊரிலிருந்து பதினேழு பேர் போய்விட்டார்கள். மணியக்காவுக்கு வந்தது ஒரு காகிதமும் ஓர் இரும்புப் பெட்டியும். பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயர் இருந்தது. அவனே எழுதியது. பெயரைவிட முன்னால் நின்ற ஞா பெரிதாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "என்ன பண்றது மணியக்கா, அவன் தலையெழுத்து." அவள் அந்த வெள்ளை எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் கோயிலுக்குள் நினைவுக்கல் வைத்தார்கள். தெற்குச் சுவரில், ஆள் உயரத்தில், வெள்ளைப் பளிங்கு. திறப்பு விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவள் ஈரத்துணியோடு போனாள். துடைத்துக்கொண்டே வந்த கை பதினோராவது வரியில் நின்றது. மேலே பத்துப் பெயருக்கும் முதலெழுத்து இருந்தது. கீழே ஆறு பெயருக்கும் இருந்தது. அவள் மகன் மட்டும் மொட்டையாக நின்றான்.

நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

"ஐயா, கல்லுல எம் பையன் பேருல ஒரு எழுத்து விட்டுப் போச்சு."

அவர் சீட்டைப் படித்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "விட்டுப் போகலம்மா. தகப்பன் பேர் இருக்குறவங்களுக்கு அந்த எழுத்தைப் போட்டோம். இல்லாதவங்களுக்கு இல்ல. கோயில் காரியம், நாலு தலைமுறைக்கு நிக்கிறது."

"பள்ளிக்கூடத்துல போட்டாங்க. பட்டாளத்துல போட்டாங்க. அவன் செத்த காகிதத்துலயும் போட்டுத்தான் அனுப்பினாங்க."

"அதெல்லாம் அவங்க வழக்கம்."

"சாகுறதுக்கு அந்தப் பேர் போதும். கல்லுல நிக்கிறதுக்குப் போதாதா?"

அவர் மாத்திரையை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். டாக்டர்கள் கோழி கிளறின மாதிரி கிறுக்கி அனுப்புவதை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிற மனிதர். அவருக்கு ஒரு ஞா மட்டும் கண்ணில் படவில்லை.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுநாள் ஆராதனை நடக்கும். செயலாளர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி. கயிறு இருப்பது கூட்டத்துக்குப் பின்னால், வாசலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் அவளுக்கு எல்லாருடைய பிடரியும் தெரியும், எதிரே செயலாளரின் முகம் தெரியும். பத்தாவது பெயர் வரைக்கும் கணீரென்று வாசிப்பார். பதினோராவது வந்ததும் ஒரு சின்னச் செருமல். சளி இல்லாத செருமல். பிறகு மொட்டைப் பெயர். உடனே குரல் குழைய, முதலெழுத்தோடு, தன் மகன் பெயர்.

அந்தச் செருமலை எட்டு வருஷம் கேட்டாள். எட்டு வருஷமும் கயிற்றை இழுத்தாள். இழுத்துவிட்டு அறைக்குப் போய் இரும்புப் பெட்டியின் மூடியைத் துடைப்பாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வரும். இத்தனை வாய் இருந்து என்ன, அந்த ஒரு நிமிஷத்தில் கை அவர்கள் சொன்னதைத்தானே செய்கிறது என்று பல்லைக் கடிப்பாள்.

இந்த வருஷம் மழையில் தெற்குச் சுவர் ஊறி, கல் குறுக்கே விரிசல் விட்டது. புதுக் கருங்கல் செய்ய முடிவானது. பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்து சபை அலுவலகக் கதவில் ஒட்டினார்கள். கீழே, "பிழை இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி.

மணியக்கா தெரிவித்தாள். பென்சிலை எடுத்துப் பதினோராவது பெயருக்கு முன்னால் ஞா போட்டு, பக்கத்தில் புள்ளியும் வைத்தாள். மறுநாள் ரப்பர் போட்டு அழித்திருந்தார்கள். பேனாவால் எழுதினாள். அதற்கு மறுநாள் அந்த இடத்தில் வெள்ளை மை பூசியிருந்தது. வெள்ளை காய்ந்ததும் அதன்மேலேயே எழுதினாள். அன்று மாலை பட்டியலையே கிழித்துப் புதுத்தாள் ஒட்டினார்கள். அதிலும் எழுதினாள். ஐந்தாம் நாள், சபை நிர்வாகக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அலுவலகத்தில் நீள மேஜையைச் சுற்றி ஒன்பது ஆண்கள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாற்காலிகளைக் காலையில் துடைத்து வரிசையாகப் போட்டதே அவள்தான்.

"இங்க பாரும்மா" என்று ஆரம்பித்தார் செயலாளர். "நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. தகப்பன் யாருன்னு சொல்லு. அந்த எழுத்தைப் போட்டுருவோம். காரியம் முடிஞ்சுது."

"சொல்றேன். கேட்டுட்டு எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிருவீங்களா?"

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்ததை மறுபடி துடைத்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று மூன்றாவது ஒருவர் முனகினார். கேட்டதே அவர்கள்தான், பயந்ததும் அவர்கள்தான்.

போதகர் இளவயதுக்காரர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சமாதானமாக ஒரு வழி சொன்னார். "எல்லாப் பேருக்குமே முதலெழுத்தை எடுத்துட்டா என்ன? வெறும் பேர் மட்டும் இருக்கட்டுமே."

மேஜையே கொந்தளித்துவிட்டது. "அதெப்படி ஐயா? எம் பிள்ளை பேருக்கு முன்னாடி நான் இல்லாம எப்படி?" என்று கண்ணாடியைத் துடைத்தவர் எழுந்தே விட்டார்.

"அதையேதான் நானும் கேக்குறேன்" என்றாள் மணியக்கா.

செயலாளரின் முகம் சிவந்தது. இத்தனை வருஷமாக வழக்கம், கோயில் காரியம் என்று மூடி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. "உம் பையன்தான் எம் பையனைக் கூட்டிக்கிட்டுப் போனான். இல்லேன்னா எம் புள்ள இன்னைக்குக் கடையில உட்கார்ந்திருப்பான். அவன் பேரை எம் பிள்ளை பேருக்குப் பக்கத்துல போட விட்டதே பெரிசு."

அவளுக்கு நடந்தது தெரியும். பட்டாளத்தில் சேரும் படிவத்தை வாங்கி வந்தவன் மருந்துக்கடைப் பையன்தான். வீட்டுக்குத் தெரியாமல் அவள் அறை மேஜையில் வைத்துத்தான் நிரப்பினான். "அம்மா, எங்கப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவளையும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கிப் போட்டால் எதிரே இருப்பவர் அங்கேயே நொறுங்கிப் போவார். வாய் வரைக்கும் வந்தது. செத்துப்போன பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தை. விழுங்கிக்கொண்டாள்.

"அவன் தலையெழுத்துன்னு எல்லாரும் வந்து சொன்னீங்க" என்றாள். "அந்தத் தலையெழுத்தை வெட்டினது கடவுள் இல்ல. நீங்க ஒன்பது பேரு." கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சாத்தின வேகத்தில் ஒட்டியிருந்த பட்டியல் கழன்று விழுந்தது.

புதுக்கல் நினைவுநாளுக்கு முந்தின நாள் வந்தது. கல்வெட்டுகிறவர் அதைச் சுவரில் பதித்துக்கொண்டிருக்கும்போது அவள் வாளியோடு போய் நின்றாள். எல்லாப் பெயரின் முதலெழுத்தும் ஒரே நேர்கோட்டில் இறங்கியது. பதினோராவது வரியில் மட்டும், முன்னால், வழுவழுவென்று வெறும் கல்.

கல்வெட்டுகிறவர் அவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "கதவுல ஒட்டின காகிதத்தை நானும் பாத்தேன்க்கா. இடம் விட்டுத்தான் வெட்டியிருக்கேன். நாலு நிமிஷ வேலை. அவங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"சொல்லமாட்டாங்க."

"நாளைக்குத் திறப்புக்கு நான் வருவேன். உளியும் வண்டியிலயேதான் இருக்கும்" என்றார்.

மறுநாள் கோயில் நிரம்பியிருந்தது. பெற்றவர்கள் முன்வரிசையில். மணியக்காவும் பெற்றவள்தான், ஆனால் கயிறு பின்னால் இருக்கிறதே. புதுக்கல்லின்மேல் போட்டிருந்த துணியை விலக்கினார்கள். செயலாளர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் பெயர், மணி. இரண்டாவது, மணி. பத்து வரை பிசகில்லாமல் வந்தது. பத்தாவது மணியின் ரீங்காரம் அடங்கியது.

செருமல். பிறகு மொட்டைப் பெயர்.

மணி அடிக்கவில்லை.

செயலாளர் காத்திருந்தார். காதில் விழவில்லையோ என்று நினைத்திருப்பார். இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதே பெயரை, அதே மாதிரி வாசித்தார். மணி அடிக்கவில்லை. ஒரு பிடரி திரும்பியது. பிறகு வரிசை வரிசையாகத் திரும்பின. அவள் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

கோயில் வேலைக்கு உதவுகிற ஒருவர் குனிந்தபடியே ஓடி வந்தார். "என்னக்கா, கயிறு சிக்கிருச்சா?"

"கயிறு நல்லாத்தான் இருக்கு. பேருதான் சிக்கியிருக்கு. போய் அவர்கிட்ட சொல்லுங்க."

அவர் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நிசப்தத்தில் அது கல்வரைக்கும் கேட்டது. செயலாளர் உதட்டை இறுக்கினார். இவளை விட்டுத் தாண்டிப் போய்விடலாம் என்று எண்ணிப் பன்னிரண்டாவது பெயரை வாசித்தார். அவருடைய எழுத்து, அவருடைய மகன். குரல் குழைந்தது.

மணி அடிக்கவில்லை.

அவளுக்கு அது சுலபமாக இருக்கவில்லை. அந்தப் பையனும் அவள் அறையில் தூங்கி எழுந்தவன்தான். ஆனாலும் இழுக்கவில்லை. பதினொன்று வராமல் பன்னிரண்டு எப்படி வரும்? பள்ளிக்கூடப் பதிவேட்டில்கூட அப்படி வந்ததில்லை.

முன்வரிசையில் மருந்துக்கடைக்காரரின் மனைவி எழுந்தார். கணவருக்கு எதிராக வாயைத் திறந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் திரும்பி மணியக்காவைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"அந்த எழுத்தைச் சொல்லுங்க."

"நீ உட்காரு."

"உட்கார மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனாங்க. யாரு யாரைக் கூட்டிக்கிட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. நம்ம புள்ள மணிக்காக நிக்கிறான். சொல்லுங்க."

செயலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் அந்த எழுத்து இல்லை. கல்லைப் பார்த்தார், அதிலும் இல்லை. எதிலும் இல்லாததை அவர் தன் வாயிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. செருமினார், இந்த முறை நிஜமாகவே தொண்டை அடைத்திருந்தது.

"ஞா" என்றார். அதன் பிறகு அவள் மகனின் பெயரைச் சொன்னார்.

அவள் இழுத்தாள். ஒரே ஒரு மணி. மற்றப் பத்துப் பெயருக்கு எவ்வளவோ அவ்வளவு. பன்னிரண்டாவது பெயரை அவர் மறுபடி வாசித்தபோது அதற்கும் அதே அளவு இழுத்தாள். பதினேழு வரை ஒன்றும் தவறவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்ததும் இரண்டு பெண்கள் அவளிடம் வந்து கையைப் பிடித்தார்கள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா, மனசு ஆறிருச்சா?" என்று கேட்டார்கள். ஒன்பது வருஷக் கோபம் ஒரு மணியில் ஆறிவிடுமாம். அவள் கையை உருவிக்கொண்டாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்வெட்டுகிறவரிடம் போனாள்.

"நாலு நிமிஷம்னு சொன்னியே. உளி எங்க?"

"வண்டியில இருக்குக்கா" என்றவர், கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்த செயலாளரை எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்குற? வாசிச்சது அவரு வாய்தான, ஊரே கேட்டுச்சு. போய் எடுத்துட்டு வா. ஆழமா வெட்டணும்."

அவர் வண்டிக்குப் போனார். அவள் அறைக்குப் போய், எழுத்தைப் பார்த்து வெட்டுவதற்கு, இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.